தேடிப்போய்ப் பார்த்தவர்கள்: சில குறிப்புகள்

பிச்சோலி கோவாவில் உள்ள ஒரு சிறு பட்டணம். 2007 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் 'பிச்சோலிப் போர்' என்று ஒரு கட்டுரை ஏறியது. 1640, 1641ஆம் ஆண்டுகளில் போர்த்துக்கேயருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் நடந்த சண்டை, அதை முடித்துவைத்த உடன்படிக்கை என்று ஏறக்குறைய 4,500 சொற்கள். அடிக்குறிப்புகளில் நூலின் பெயர், ஆசிரியர், பக்க எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. சில மாதங்களில் அதற்கு 'நல்ல கட்டுரை' என்ற தரமும் கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் அந்தத் தரத்தோடே இருந்தது.

2012 டிசெம்பரில் பயனர் ஒருவர் அந்த அடிக்குறிப்புகளில் இருந்த நூல்களைத் தேடத் தொடங்கினார். அப்படி நூல்களே இல்லை. அப்படி ஒரு போரும் நடக்கவில்லை. யாரோ முழுவதையும் கற்பனையில் எழுதி, இல்லாத புத்தகங்களுக்குப் பக்க எண்ணும் போட்டிருக்கிறார்.

நூல் தேடாமலே இதைப் பிடித்திருக்கலாம். 1640இல் சிவாஜி பத்து வயதுச் சிறுவன். அவர் முடிசூடியது 1674இல். போர்த்துக்கேயரோடு போரிட மராட்டியப் பேரரசு என்ற ஒன்று அப்போது ஏது? கோவாவிலோ மராட்டியத்திலோ வரலாறு படித்த ஒருவர் முதல் பத்தியிலேயே நின்றிருப்பார். தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை. வந்து வாசித்துத் தரம் கொடுத்தவர்கள் நடையையும் அடிக்குறிப்பின் ஒழுங்கையும் பார்த்தார்கள்.

*

மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில் கம்பசடிப் போட்டோக்கொப்பிக் கடையில் ஒப்படை கட்டக் கொடுத்துவிட்டு நின்ற மாணவி ஒருத்தி சொன்னது:

"சேர், விக்கி எண்டு போட்டா புள்ளி குறைச்சிருவாங்க. அதுக்குக் கீழ கிடக்கிற புத்தகப் பேர்களத்தான் எடுத்துப் போட்டிரிக்கன்."

"அந்தப் புத்தகம் ஒண்டையாவது கண்டிரிக்கீங்களா மகள்?"

"இல்ல சேர். லைப்ரரியில இரிக்குமா எண்டும் தெரியா."

அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விக்கிப்பீடியாவைப் பெயர் சொல்லிக் காட்டக்கூடாது என்று ஒரு விதி சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அங்கே இருந்து மூலத்துக்குப் போவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் விதியைக் காப்பாற்றுகிறார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் இவளைப் போல யாராவது பிச்சோலிக் கட்டுரையின் அடிக்குறிப்புகளை எடுத்துத் தன் ஆய்வேட்டில் போட்டிருந்தால், இல்லாத நூல்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் அலுமாரிக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு அந்த ஆய்வேட்டை இன்னொருவர் மேற்கோள் காட்டுவார்.

*

இப்படிச் சுற்றிச் சுற்றி உண்மையாகிப்போன பொய்க்கு நல்ல உதாரணம் டோஸ்டர் கதை. 2012 பெப்ரவரியில் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர், விக்கிப்பீடியாவை மூலமாக நம்பவேண்டாம் என்று வகுப்பில் எச்சரித்தார். வகுப்பில் இருந்த நண்பர்கள் விளையாட்டாகப் போய், மின்சார டோஸ்டரை 1893இல் கண்டுபிடித்தவர் என்று தங்களில் ஒருவனின் பெயரை எழுதிவிட்டார்கள். ஒரு படத்தைப் பழைய கறுப்புவெள்ளைப் படம்போல மாற்றி, வாழ்க்கை வரலாற்றுப் பக்கமும் போட்டார்கள். பத்திரிகைகள் அதை எடுத்தன. புத்தகங்கள் எடுத்தன. பிரித்தானியாவின் 50 பவுண் தாளில் யாருடைய படத்தைப் போடலாம் என்று மக்களிடம் கேட்டபோது வந்த பெயர்களிலும் அது இருந்தது. விக்கிப்பீடியாவில் யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு இப்போது அச்சில் சான்றும் இருந்தது. அந்த அச்சுக்கு மூலம் விக்கிப்பீடியா.

பத்து ஆண்டுகள் கழித்து, 2022இல் இதைப் பிடித்தவன் பதினைந்து வயதுப் பள்ளிக்கூடப் பையன். படம் திருத்தப்பட்டதுபோலத் தெரிகிறதே என்பதுதான் அவனுக்கு வந்த முதல் ஐயம். ஆசிரியர் வேலையில் இருப்பவர்கள் இந்தப் பையனை வகுப்பில் கட்டாயம் சொல்லவேண்டும். பட்டம், பதவி, வயது ஒன்றும் இல்லாத ஒருவன், தன் கண்ணை நம்பி மேலே தோண்டினான்.

*

பட்டத்தை நம்பியதால் வந்த அவமானம் வேறு கதை. 'எஸ்ஜே' என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கில விக்கிப்பீடியர், தான் இறையியலில் முனைவர் பட்டமும் திருச்சபைச் சட்டத்தில் பட்டமும் பெற்ற பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டார். வாதங்களில் அந்தப் பட்டங்களை எடுத்துக் காட்டினார். 2006 ஜூலையில் 'நியூ யோர்க்கர்' இதழ் விக்கிப்பீடியா பற்றிய பெரிய கட்டுரையில் அவரைப் பேராசிரியர் என்றே எழுதியது. நுணுக்கமாகச் சரிபார்ப்பதற்குப் பெயர்போன இதழ் அது. 2007 தொடக்கத்தில் உண்மை வெளிவந்தது. அவர் கென்டக்கியைச் சேர்ந்த 24 வயது இளைஞர். சொல்லிக்கொண்ட பட்டம் ஒன்றும் இல்லை. அதற்குள் அவர் பிணக்குகளைத் தீர்க்கும் நடுவர் குழுவிலும் அமர்த்தப்பட்டிருந்தார். விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் முதலில் அதைப் புனைபெயர் விஷயமாகத்தான் பார்த்தார். பிறகு அவரைப் பொறுப்புகளில் இருந்து விலகச் சொன்னார். மார்ச் தொடக்கத்தில் எஸ்ஜே போய்விட்டார்.

அவர் செய்த திருத்தங்களில் பெரும்பகுதி யாரோ கெடுத்த பக்கங்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது போன்ற பயனுள்ள வேலை என்று சொல்லப்பட்டது. அது அவர் செய்த கெடுதியைக் குறைக்காது. அவரோடு வாதிட்டவர்கள் தங்களிடம் இருந்த நூலை மூடிவைத்துவிட்டு அவருடைய பட்டத்துக்கு வழிவிட்டிருப்பார்கள். 'பேராசிரியர் சொன்னால் சரிதானே' என்று ஒதுங்குகிற பழக்கம் எங்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. நாங்கள் வளர்ந்ததே சேர் சொன்னதை எழுதி.

*

இன்னொரு கதை இந்தியாவில் நடந்தது. 'வைஃபையோன்' என்ற பெயரில் இயங்கிய ஆங்கில விக்கிப்பீடிய நிருவாகி. ஐ.ஐ.பி.எம். என்ற தனியார் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் பக்கத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டார். நிறுவனத்துக்கு எதிரான செய்திகள் அங்கே நிற்கவில்லை. சாதகமானவை நின்றன. நாடு முழுக்கப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்ட நிறுவனம் அது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு அதற்கு இல்லை. 2014 செப்டெம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், எம்.பி.ஏ., பி.பி.ஏ. போன்ற பெயர்களை அது தன் படிப்புகளுக்குப் பயன்படுத்தக்கூடாது என்றது. 2015 பெப்ரவரியில் விக்கிப்பீடியாவின் நடுவர் குழு அந்த நிருவாகியைத் தடைசெய்தது.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அந்தப் பக்கத்தைப் பார்த்து நம்பி, கடன்பட்டுப் பணம் கட்டிய குடும்பங்களுக்கு 2015இல் வந்த தீர்ப்பு எதைத் திருப்பிக் கொடுத்திருக்கும்? இணைய உலகத்துச் சச்சரவு என்று இவற்றை ஒதுக்குகிறவர்களிடம் சொல்ல எனக்கு இருப்பது இந்தக் கேள்விதான்.

அதே 2015 ஓகஸ்டில் 381 கணக்குகளை ஒன்றாகத் தடைசெய்தார்கள். சிறு வணிகர்களிடமும் கலைஞர்களிடமும் காசு வாங்கிப் பக்கம் போட்டு, பிறகு அதைக் 'காவல் காக்க' மாதாமாதம் கப்பம் கேட்ட கும்பல். கப்பம் என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

*

சின்ன மொழிகளின் கதை தனி. ஸ்கொட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் இருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எழுதியவர், அந்த மொழி தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர். பன்னிரண்டு வயதில் தொடங்கியிருக்கிறார். ஆங்கில வாக்கியத்தை எடுத்து, அகராதி பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றிப் போட்டார். கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. 2020 ஓகஸ்டில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்கிடையில் எத்தனையோ பேர் அதைப் பார்த்து, ஸ்கொட்ஸ் என்பது பிழைபட்ட ஆங்கிலம்தான் போல என்று முடிவுகட்டியிருப்பார்கள்.

சீன விக்கிப்பீடியாவில் ஒரு பெண், ஏறக்குறைய பத்தாண்டு, மத்தியகால ரஷ்யாவைப் பற்றி இருநூறுக்கு மேற்பட்ட பொய்க் கட்டுரைகள் எழுதினார். காஷின் என்ற இடத்தில் பெரிய வெள்ளிச் சுரங்கம், அதற்காக நடந்த போர்கள், படைத்தளபதிகள், வம்சாவளிகள். தான் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர், இராஜதந்திரியின் மகள் என்று அறிமுகம். உண்மையில் உயர்நிலைப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய இல்லத்தரசி. 2022இல் அதைக் கண்டுபிடித்தவர் ஒரு நாவலாசிரியர். கதைக்குத் தகவல் தேடியவர், அந்தச் சுரங்கத்தை ரஷ்ய மொழியில் தேடினார். ரஷ்யர்களுக்கு அது தெரியாது.

குரோவேசியாவில் நடந்தது இவற்றைவிடக் கொடியது. அங்கே விக்கிப்பீடியாவின் நிருவாகிகளில் ஒரு குழு, ஏறக்குறைய பத்து ஆண்டுகள், இரண்டாம் உலகப் போர்க்கால உஸ்தாஷா ஆட்சியின் குற்றங்களை மழுப்பி எழுதியது. யசனோவாச் கொலைமுகாமை வெறும் தடுப்பு முகாம்போல ஆக்கியது. எதிர்த்தவர்களைத் தடைசெய்தது. 2013இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே மாணவர்களிடம் குரோவேசிய விக்கிப்பீடியாவை நம்பாதீர்கள் என்றார். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனத்தின் ஆய்வறிக்கை வந்தது 2021இல்.

*

ஒரு முகாமைப் பற்றி எப்படி எழுதப்படுகிறது என்பது வந்தாறுமூலையில் வாழும் ஒருவருக்குத் தூரத்து விஷயமாக இருக்கமுடியாது.

1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி இங்கே தொடங்கியது. 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. 1990இல் போர் மறுபடி வெடித்தபோது சுற்றுவட்டாரச் சனம் அந்த வளாகத்துக்குள் அகதியாக இருந்தது. செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் அங்கே இருந்து 158 பேரைக் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் உறவுகள் கூடி நினைவுகூர்கின்றன.

158 என்ற எண் வானத்தில் இருந்து விழவில்லை. முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவர்களும் குடும்பத்தாரும் அப்போதே பெயர்களைச் சொன்னார்கள். மனித உரிமை அமைப்புகள் எழுதிவைத்தன. 90களில் அமைந்த ஜனாதிபதி ஆணைக்குழு சாட்சிகளை விசாரித்து அறிக்கையில் பதிந்தது. ஒரு தாய் நடுங்கிக்கொண்டு சொன்ன பெயரில் தொடங்கி ஆணைக்குழு அறிக்கை வரை ஒரு தடம் இருக்கிறது. யாராவது நாளை ஒரு பக்கத்தில் அந்த எண்ணைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்தத் தடத்தைக் காட்டித்தான் வாதிட முடியும். கூட்டுவதும் கெடுதி. எங்கள் துயரத்தைப் பெரிதாகக் காட்டவேண்டும் என்று ஒருவர் ஆதாரமில்லாமல் எண்ணை ஏற்றினால், மறுப்பவர் அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் பொய்யென்று தள்ளுவார். எங்கள் பிள்ளைகள் இதை உணர்ச்சியோடு சேர்த்துக் கற்கவேண்டும்.

*

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுகளைத் தோளில் சுமந்தவர் யாழ்ப்பாணத்தவரான கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலைபார்த்துக்கொண்டே எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது. 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைத் தாண்டியது.

இதற்கிடையில் ஒரு சோதனை வந்தது. 2009 அளவில் கூகுள், மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கூலி கொடுத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றத் தொடங்கியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன. எண்ணிக்கை ஏறியது. நடை தமிழாக இல்லை. தலைப்புகளைத் தமிழ் வாசகர் தேவை பார்த்துத் தெரியவில்லை. பிழையைச் சுட்டி உரையாடல் பக்கத்தில் எழுதினால் பதில் சொல்ல ஆளில்லை. தமிழ் விக்கிப்பீடியர்கள் எண்ணிக்கையில் மயங்கவில்லை. 'ஆலமரத்தடி' என்ற தங்கள் பொது உரையாடல் பக்கத்தில் பேசினார்கள், கூகுளோடு பேசினார்கள். 2010இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அ. இரவிசங்கர் அந்தத் திட்டத்தின் குறைகளை எடுத்துவைத்தார். உலகத்தின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றிடம், கூலி வாங்காத ஒரு சிறு கூட்டம், தரம் பார்த்துத்தான் ஏற்போம் என்று சொன்னது. ஸ்கொட்ஸ் மொழிக்கு அப்படிச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

இப்போது அதே வேலையைச் செய்ய மொழிபெயர்ப்பாளரும் தேவையில்லை. பொத்தானை அழுத்தினால் இயந்திரம் எழுதித் தருகிறது. கிறீன்லாந்து மொழி விக்கிப்பீடியா இயந்திரத் தமாஷாகிப் போனதைப் பார்த்து, அதன் நிருவாகியே அதை மூடச் சொல்லிக் கேட்டார். 2025இல் மூட முடிவானது. அந்த இயந்திரங்கள் சின்ன மொழிகளைக் கற்பதும் பெருமளவு விக்கிப்பீடியாவில் இருந்துதான். அங்கே ஏறிய பிழை இனிப் பதிலாகத் திரும்பி வரும், அடிக்குறிப்பும் இல்லாமல்.

*

மட்டக்களப்பைப் பற்றிச் சரிபார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் எழுதிய மாவட்ட நூல். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்'. பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்', 1964. மூன்றும் மூன்று வகை. முதலாவது நிர்வாகத்தில் இருந்தவர் கண்ட மாவட்டம். இரண்டாவது ஏட்டில் இருந்து வந்த மரபுக் கதை. மூன்றாவது தமிழறிஞர் ஒருவர் திரட்டிய வாழ்வும் வழக்கும். இணையத்தில் மான்மியத்தின் வரிகள் கல்வெட்டுச் சான்றுபோல உலவுகின்றன. அதில் வரும் அரசர்களை ஆண்டு போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். மான்மியம் எங்கள் செல்வம். அது மரபு என்று சொல்லிக் காட்டினால் அதன் மதிப்பு கூடும்.

*

சான்றை எப்படிச் சொல்லவேண்டும் என்பதற்கு எங்கள் வாவியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது, பாடும் மீனின் ஓசையைக் கேட்க இரவில் தோணியில் போனார். 1859இல் வெளிவந்த தன் நூலில் அதை எழுதினார். மீனவர்களிடம் கேட்டபோது அவர்கள் சொன்னதையும், ஓசைக்குக் காரணம் என்று கொண்டுவந்து கொடுத்த சிப்பி வகையையும் தனியே எழுதுகிறார். நிலவில் வாவி நடுவே போய்த் தன் காதால் கேட்டதைத் தனியே எழுதுகிறார். ஓசை ஒன்றாக இல்லாமல் பல நுண்ணிய ஒலிகளாக, நீருக்குள் இருந்து மேலெழுந்து வந்தது என்கிறார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது இன்னும் பலமாகக் கேட்டது என்கிறார். இடத்துக்கு இடம் அது மாறியதையும் சொல்கிறார். மீனைவிடச் சிப்பியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது அவருடைய ஊகம். அதையும் ஊகமாகவே வைக்கிறார்.

கேட்டது, சொல்லக் கேட்டது, ஊகித்தது என்று மூன்றும் கலக்காமல் இருப்பதால், நூற்றைம்பது ஆண்டு தாண்டியும் அந்தப் பக்கங்களை எடுத்து அவரோடு உடன்படவும் மாறுபடவும் முடிகிறது. இன்று பாடும் மீனைப் பற்றிப் பகிரப்படும் பதிவுகளில் மூன்றும் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன.

*

இத்தனையும் சொன்னபின், 'அப்ப விக்கிப்பீடியாவே வேணாம்' என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2005இல் ஜோன் சைகன்தாலர் என்ற முதுபெரும் அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி சகோதரர்களின் கொலையோடு தொடர்புபடுத்தி யாரோ எழுதிவைத்தார்கள். அவர் றொபட் கென்னடியிடம் வேலைபார்த்தவர், அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். அந்தப் பொய் நான்கு மாதம் நின்றது. அவர் பத்திரிகையில் எழுதிய பிறகு, பெயர் பதியாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரை தொடங்கமுடியாது என்று விதி மாறியது. தங்களை ஏமாற்றிய பொய்க் கட்டுரைகளின் பட்டியலை ஆங்கில விக்கிப்பீடியர்கள் தாங்களே வைத்திருக்கிறார்கள், எத்தனை நாள் ஏமாந்தோம் என்ற கணக்கோடு. பிச்சோலியும் அதில் இருக்கிறது. அப்படி ஒரு பட்டியலை வெளியே வைத்திருக்கும் பத்திரிகையோ பாடநூல் சபையோ எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் 'உரையாடல்', 'வரலாறு' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எந்த வரியை யார், எப்போது, எதை அழித்து எழுதினார் என்று அங்கே தெரியும். இத்தனை மோசடிகளும் வெளிவந்தது அந்தக் கதவு திறந்திருந்ததால். அந்தச் சொற்களை அழுத்திப் பார்க்காமலே பலர் காலம் முழுக்க வாசித்துவிட்டுப் போகிறார்கள்.

*

பள்ளிக்கூடங்களுக்கும் கம்பசுக்கும் ஒரு யோசனை. விக்கிப்பீடியாவைத் தடைசெய்யும் விதியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஓர் ஒப்படை கொடுங்கள். தன் ஊரைப் பற்றிய ஒரு பக்கத்தை எடு. செங்கலடி, சித்தாண்டி, ஏறாவூர், எதுவும் சரி. அதில் ஒரு அடிக்குறிப்பைத் தெரிவுசெய். அந்த நூலைத் தேடிப் போ. நூலகம் இணையத்தளத்தில் 2005இல் இருந்து ஈழத்து நூல்களை வருடி ஏற்றிவருகிறார்கள், அங்கே பார். கிடைத்தால், அந்தப் பக்கத்தில் சொன்னது அங்கே இருக்கிறதா என்று வாசி. இருந்தால் எழுது. இல்லையென்றால் உரையாடல் பக்கத்தில் போய்ச் சொல். மூலமே இல்லாத வரிக்குச் 'சான்று தேவை' என்று போடு. புள்ளி அதற்கு.

பிச்சோலிக்கு ஒருவர், டோஸ்டருக்கு ஒரு பையன், காஷினுக்கு ஒரு நாவலாசிரியர். ஒவ்வொன்றிலும் முடிச்சை அவிழ்த்தவர் ஒரேயொரு வாசகர். ஆங்கிலத்தில் அந்த ஒருவர் என்றாவது வருவார் என்று காத்திருக்கலாம், அங்கே வாசகர் கோடிக்கணக்கு. மட்டக்களப்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட ஒரு பக்கத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரு மொழியின் கலைக்களஞ்சியத்தை ஒரு சிறுவனால் கெடுக்க முடிந்த அளவுக்குச் சிறிய இடங்களில், அதே கணக்கில், ஒருவரால் காக்கவும் முடியும். இந்த ஊரைத் தெரிந்தவர்கள் நாங்கள்தான். அந்தப் பக்கத்துக்கு நாங்கள் போகாவிட்டால் வேறு யாரும் வரமாட்டார்கள்.